மூன்று கல்லுக்கு இந்தப் பக்கம்

ஆரே வளைவு, ஏப்ரல் 12

என் தம்பி மாதுகெனுக்கு அக்கா திவிக்தா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். குளிர்காலம் முழுக்க அவரை முழங்கால் படுத்தி எடுத்தது. ஆற்றில் பனிக்கட்டி போனதும் படகைத் தள்ள இறங்கிவிட்டார். வலி போய்விட்டதா, என்னிடம் சொல்வதில்லையா, தெரியாது. உன் இருமல் எப்படி இருக்கிறது? அவெந்திகும் தண்ணீர் இன்னும் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

ஒரு நல்ல சேதி சொல்லத்தான் இந்த மெழுகுப் பலகை. நம் கரடி, பெரியவள், குகையை விட்டு வெளியே வந்துவிட்டாள். இரண்டு குட்டிகள். நான்தான் முதலில் பார்த்தேன். நம் கரடித் தெய்வம் அர்தியோவின் தோப்பைப் பெருக்கிவிட்டு நிமிர்ந்தால் மேட்டில் நிற்கிறாள். உடம்பு மெலிந்து, ரோமம் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு குட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு வருஷமாக அவளுக்குக் குட்டி இல்லை. ஊரில் என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியும். தோப்பைக் கூட்டுகிறவள் வயிறே காலி, அர்தியோ எங்கே தங்குவாள் என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். இந்த வாரம் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. உன் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "உங்கக்கா கால் நாலு நாளா தரையில படல, அதையும் எழுது" என்கிறார்.

அம்மாவின் நினைவு நாளுக்கு நீ வரவில்லை. ஏன் என்று கேட்கமாட்டேன். வேலை இருந்திருக்கும்.

அர்தியோ உன்மேல் கண் வைத்திருக்கட்டும்.
திவிக்தா


அவெந்திகும், ஏப்ரல் 24

பாசமுள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் மாதுகென் வணக்கத்துடன் எழுதுவது. இருமல் நின்றுவிட்டது. உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். உப்பு வண்டி சாக்ரோவிடம் அக்காவுக்கு ஒரு விளக்கும் அத்தான் முழங்காலுக்குத் தேய்க்க எண்ணெயும் கொடுத்திருக்கிறேன்.

அம்மா நாளுக்கு வராதது தப்புதான். என் எஜமானர் கராந்தியுஸ் இந்த வருஷம் நகரத் தலைவராகிவிட்டார். ஆகஸ்ட் முதல் நாள் அவர் செலவில் விளையாட்டு விழா. கடிதம், உத்தரவு, முத்திரை எல்லாம் என் கை வழியாகத்தான் போகின்றன. இன்னொன்று. அவருடைய வீட்டு மேற்பார்வையாளர் தன் மகள் செனில்லாவை எனக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். விழா நல்லபடியாக முடியட்டும் என்கிறார். கெட்டிக்காரப் பெண், அக்கா. உனக்குப் பிடிக்கும்.

பெரியவள் சேதி படித்ததும் எனக்குச் சின்ன வயசு வந்துவிட்டது. இந்த வருஷம் எந்தக் குகையில் படுத்தாள்? பழைய இடத்திலா, ஓடைக்கு மேலேயா? சும்மாதான் கேட்கிறேன்.

உங்கள் நலம் நாடும்
மாதுகென்


ஆரே வளைவு, மே 3

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். விளக்கு வந்து சேர்ந்தது, தோப்பில் வைத்துவிட்டேன். எண்ணெயை அத்தான் படகுக் கயிற்றுக்குத் தேய்த்துவிட்டார். சண்டை போட்டாயிற்று.

செனில்லாவை அழைத்துக்கொண்டு வா. கெட்டிக்காரியாக இருந்தால் உன்னை மேய்ப்பாள், நான் நிம்மதியாக இருப்பேன்.

நீ கேட்டாயே என்று இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பட்டணம் போய் மூன்று வருஷத்தில் ஊர்ப் பேச்சே வேண்டாம் என்றிருந்தவன், குகையைக் கேட்கிறான். பழைய இடம் இல்லை. ஓடைக்கு மேலே, மின்னல் விழுந்த யூ மரம் இருக்கிறதே, அதன் வேருக்கு அடியில். வெயில் ஏறியதும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடைச் சரிவில் இறங்குவாள். வேட்டை கூடாதென்று எல்லையில் நட்ட மூன்று கல்லை ஒருநாளும் தாண்டுவதில்லை. நம் ஊரில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. அவர் பீர் குடித்தால் ஊருக்கே சொல்லிவிடுவார். உன்னிடம் சொன்னால் என்ன? உனக்கு அம்மா வைத்த பெயரே கரடிக்குப் பிறந்தவன்தானே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.
திவிக்தா


ஆரே வளைவு, மே 21

தம்பிக்கு. நான் உயிரோடு இருக்கிறேன். அத்தானும். நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நான்கு நாளைக்கு முன்னால் ஏழு பேர் வந்தார்கள். மாட்டு வண்டியில் கருவாலி மரக் கூண்டு, வலை, எட்டு நாய்கள். ஊருக்குள் வரவில்லை. யாரிடமும் வழி கேட்கவில்லை. மேல் பாதை வழியாகப் போய் மூன்று கல்லைத் தாண்டி நேரே ஓடைச் சரிவுக்கு நடந்தார்கள். நாய் குரைப்புக் கேட்டு நான் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் அவள் வலையில் கிடந்தாள். ஒரு குட்டியை நாய்கள் பிய்த்துவிட்டன. இன்னொன்றைச் சாக்கில் கட்டியிருந்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். இது அர்தியோவின் இடம் என்றேன். அதில் ஒருவன், நம் பாஷைக்காரன்தான், "அப்ப அவகிட்டயே கேட்டுக்கறோம், நீ தள்ளு" என்று சொல்லி என் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினான். அடிக்கவில்லை. ஒரு முக்காலியை நகர்த்துவதுபோல நகர்த்தினான்.

துறையில் அத்தான் படகு கிடையாது என்றார். அவர் கையை உடைத்துவிட்டுத் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு.

நீ பெரிய இடத்தில் இருக்கிறாய். இவர்கள் யார், யார் அனுப்பினது என்று விசாரி. உன் எஜமானர் நகரத் தலைவர் அல்லவா? அவரிடம் சொல். நம் ஹெல்வெத்தியர் குலத்தில் பிறந்தவர், அர்தியோ யார் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. குட்டி பால் மறக்கவில்லை. சீக்கிரம் செய்.

அக்கா


ஆரே வளைவு, ஜூன் 7

தம்பிக்கு. இங்கே நாங்கள் இருக்கிறோம். நீ சுகமா?

சாக்ரோ இரண்டு தடவை வந்துபோய்விட்டார். இரண்டு தடவையும் வெறுங்கை. பலகையை உன் கையில் கொடுத்ததாகச் சத்தியம் செய்கிறார். காய்ச்சலில் கிடக்கிறாயோ என்று பயமாக இருக்கிறது. ஒரு வரி போதும்.

அக்கா


அவெந்திகும், ஜூன் 17

பாசமுள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் மாதுகென் எழுதுவது. நான் சுகம். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று இருக்க வேண்டும். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். விழா வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

நடந்ததைப் படித்து மிகவும் வருத்தப்பட்டேன். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் யாரையும் இன்னார் என்று சொல்லிவிட முடியாது. விழாக்காலத்தில் பல பேர் பல பேருக்காக மிருகம் பிடிக்கிறார்கள். புகார் அது இது என்று கிளம்ப வேண்டாம், அக்கா. உங்களுக்குத்தான் அலைச்சல். காட்டில் கரடிக்கா பஞ்சம்? அடுத்த வருஷம் வேறொருத்தி வந்து படுப்பாள்.

அத்தானும் கொஞ்சம் பொறுமையாக இருந்திருக்கலாம். துடுப்பை எடுத்து அந்த நாய்க்காரன் மண்டையைப் பிளக்காமல் இருந்திருந்தால் அவர்களும் கை வைத்திருக்க மாட்டார்கள். முறிவுக்குக் கட்ட மருந்தும் நல்ல துணியும் அனுப்பியிருக்கிறேன். தினமும் மாற்றிக் கட்டவும்.

செனில்லா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

என்றும் உங்கள்
மாதுகென்


ஆரே வளைவு, ஜூன் 21

மாதுகென்,

துடுப்பைப் பற்றி நான் எழுதவில்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் எழுதியதையும் வரி வரியாக நினைத்துப் பார்த்தேன். படகு கிடையாது என்றார், கையை உடைத்தார்கள் என்று எழுதினேன். துடுப்பு இல்லை. நாய்க்காரன் இல்லை. மண்டை இல்லை. அவன் ரத்தம் வடிய உன் முன்னால் வந்து நின்று சொல்லியிருக்கிறான். நீ அவன் தலைக்கும் துணி கொடுத்தாயா? எங்களுக்கு அனுப்பினாயே, அதே துணியா?

ஏழு பேர் வழி கேட்காமல் யூ மரத்துக்கு நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரு மாதமாக எனக்கு நானே ஆயிரம் காரணம் சொன்னேன். யாரோ வேட்டைக்காரன் பார்த்திருப்பான், எவனோ விறகு பொறுக்கும்போது பார்த்திருப்பான் என்று. உன்னை ஒருதரம்கூட நினைக்கவில்லை. உனக்குக் காய்ச்சல் என்று நினைத்தேன். உனக்காகத் தோப்பில் விளக்கு வைத்தேன், நீ அனுப்பிய விளக்கை.

"சும்மாதான் கேட்கிறேன்" என்று எழுதியபோது ஓர் எழுத்துகூடக் கோணவில்லையா? எழுத்து நேராகத்தான் இருக்கிறது. அதையும் எடுத்துப் பார்த்தேன்.

ஊர் கூட்டத்தில் நானே எழுந்து சொல்லிவிட்டேன். இடத்தைச் சொன்னது நான், கேட்டது என் தம்பி என்று. யாரும் திட்டவில்லை. கிழவி பன்னா என் கையிலிருந்து தோப்புத் துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். பதினாறு வருஷம் என் கையில் இருந்தது. அத்தான் உன் பெயரைக் கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

பெரியவள் உயிரோடு இருக்கிறாளா? அதை மட்டும் எழுது. மருந்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

திவிக்தா


அவெந்திகும், ஜூலை 3

அக்காவுக்கு,

இருக்கிறாள். குட்டியும் இருக்கிறது. கராந்தியுஸின் கொட்டகையில், விழா அரங்குக்குப் பிடித்த மிருகங்களோடு.

ஆமாம், நான்தான் சொன்னேன். போதுமா? இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். அம்மா இருபது வருஷம் அந்தத் தோப்புக்குப் பேரிக்காய் சுமந்தாள். நம் வீட்டில் ஓட்ஸ் கஞ்சிக்கு வழியில்லாத வருஷமும் சுமந்தாள். அவளுக்குக் கிடைத்தது என்ன? நெஞ்சில் சளி கட்டி நாற்பது வயதில் போனாள். அப்பா ஆற்றில் போனார். நீ ஒரு குழந்தைக்காகத் தோப்பில் இருக்கும் அந்த மரப்பொம்மையின் மடியில் தலை வைத்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். எழுந்து வந்து துடைப்பத்தை எடுத்தாய். உனக்குக் கோபமே வரவில்லை. எனக்கு வந்தது. அன்றைக்கே வந்தது. அதனால்தான் ஊரை விட்டேன்.

மூன்று கல்லுக்கு அந்தப் பக்கம் போன கரடியை அத்தான் குத்துவார், தோலை விரித்துப் படுப்பார், அது பாவம் இல்லை. இந்தப் பக்கம் நான் ஒரு வார்த்தை சொன்னால் பாவம். கல்லை நட்டது யார்? நம்மைப்போல் ஒருவன்தானே.

இங்கே நான் வண்டிக்காரன் மகன் மாதிரி, படகுக்காரன் மச்சான் மாதிரி நிற்கவில்லை. என்னை உட்காரச் சொல்கிறார்கள். கராந்தியுஸ் நெஞ்சில்லாதவர் இல்லை. விழா அன்று அர்தியோவுக்கு வெண்கலத்தில் சிலை வைக்கப்போகிறார். மடியில் பழம், எதிரே கரடி, பின்னால் மரம். நீ வந்து பார்த்தால் அழுதுவிடுவாய்.

என்னிடம் ஆண் கரடி பிடிக்கப்போகிறோம், பெட்டையின் பக்கம் போகாமல் இருக்க இடம் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டார்கள். நம்பினேன். நம்பாவிட்டாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ.

மாதுகென்


ஆரே வளைவு, ஜூலை 19

மாதுகென்,

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். வந்திருக்கிறது. பார்த்துக்கொள்.

இரண்டு நாள் நடந்து அவெந்திகும் வந்தேன். உன் எஜமானர் வீட்டு வாசலில் காலையிலிருந்து நின்றேன். எஜமானர் இல்லை என்றான் காவல்காரன். அப்படியானால் என் தம்பியைக் கூப்பிடு என்றேன். உன் பெயரைச் சொன்னேன். உள்ளே போனான், வந்தான். "அவரும் வெளிய போயிருக்காரு" என்றான். சாயங்காலம் வரை நின்றேன். குதிரைகள் போயின, மீன் கூடை போயிற்று, பூ போயிற்று. ஒருத்தி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். உன் செனில்லாவாக இருக்கும். நல்ல முகம்.

வெண்கலத்தில் ஒரு அர்தியோவை உட்கார்த்தி வைத்துவிட்டு, அவள் எதிரிலேயே உயிருள்ளவளை நாய்க்குப் போடுவீர்கள். அந்தச் சிலை செய்தவனுக்குக் கண் உண்டு என்றால், எதிரே நிற்கும் கரடிக்கு வாய் திறந்து வைத்திருப்பான். கத்துவதற்கு.

அம்மாவை இழுக்காதே. அம்மா பேரிக்காய் சுமந்தது பதிலுக்கு ஏதாவது கிடைக்கும் என்று இல்லை. எங்களுக்குச் சாப்பாடு தருகிற காட்டில் எங்களுக்கு முன்னால் இருந்தவள் அர்தியோ. வழியில் பார்த்தால் நின்று வணக்கம் சொல்கிற மாதிரிதான் அது. இதற்கும் கூலி கேட்கிறவன் நீ ஒருவன்தான்.

விழாவை நிறுத்த முடியாது என்று தெரியும். குட்டியையாவது அனுப்பு. அது உன்னிடம் என்ன கேட்டது?

நீ அன்று வெளியே போயிருந்தாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

திவிக்தா


ஊர் பெயர் எழுதவில்லை, ஆகஸ்ட் 6

அக்கா,

நான் உள்ளேதான் இருந்தேன். முன்கட்டு அறையில், எழுதிக்கொண்டு. நீ என் பெயரைச் சொன்னது கேட்டது. நான் இல்லை என்று சொல் என்று காவல்காரனிடம் சொன்னது நான். சாயங்காலம் வரை நீ நின்றதும் தெரியும். ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

விழாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது அலங்காரம் பண்ணிச் சொல்வதற்கு முன்னால். அவளை முதல் நாள் காலையில் விட்டார்கள். கொட்டகைக்கு வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, எழுந்து நிற்கவே தெம்பில்லை. கூண்டின் பின்னால் தீவட்டியைக் காட்டித் தள்ளினார்கள். மணலில் நான்கு அடி நடந்து உட்கார்ந்துவிட்டாள். ஜனங்கள் இன்னும் வந்து சேரவில்லை, பாதி இருக்கை காலி. வந்தவர்கள் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டும் ரொட்டி பிரித்துக்கொண்டும் இருந்தார்கள். பத்து நாயை விட்டார்கள். ஒரு நாயைக்கூட அவள் அடிக்கவில்லை. ஒரு பலகை எழுதுகிற நேரம்கூட ஆகவில்லை. அடுத்தது குதிரைக்காரர்கள் என்று யாரோ கூவினான். எனக்குப் பக்கத்தில் இருந்தவன், "என்ன வந்துச்சு? கரடியா, பன்னியா?" என்று கேட்டான்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று மூன்று நாள் யோசித்தேன். மிருகங்களின் இறைச்சியை ஜனங்களுக்குப் பங்கு போட்டார்கள். நல்ல துண்டு எஜமானர் பந்திக்கு வந்தது. என்னைச் செனில்லாவின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். முதல்முறை. அவர் என் பெயரின் அர்த்தத்தை எல்லோருக்கும் சொன்னார். "கரடிக்குப் பொறந்தவன் கரடியத் தின்னுவானா, பாப்போம்" என்றார் கராந்தியுஸ். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தின்றேன், அக்கா. இரண்டு வாய். மூன்றாவது வாய் எடுக்கும்போது அவர்கள் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அவள் செத்தபோது வரவில்லை. நீ வாசலில் நின்றபோது வரவில்லை.

எழுந்து எழுத்தறைக்குப் போனேன். குட்டியைச் சாக்ரோவிடம் ஒப்படைக்க உத்தரவு என்று எழுதி எஜமானர் முத்திரையை வைத்தேன். கொட்டகைக்காரன் முத்திரையைப் பார்த்துக் கொடுத்துவிட்டான். அந்தக் குட்டியை, கரடியைக் கயிற்றில் கட்டி ஆட்டுகிற ஒரு கூத்துக்காரனுக்கு விற்க ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள், அதனால் விஷயம் இந்நேரம் தெரிந்திருக்கும். செனில்லாவிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். பதில் எழுத மனம் இருந்தால் சாக்ரோவிடம் கொடு. அவருக்கு இடம் தெரியும்.

மாதுகென்


ஆரே வளைவு, செப்டம்பர் 28

மாதுகென்,

குட்டி வந்தது. சாக்ரோவின் கையிலும் என் கையிலும் கடித்தது. பாலைத் தொடவில்லை, மூன்றாம் நாள் ஆற்று மீனைத் தின்றது. தோப்பில் வைக்க விடமாட்டார்கள், கேட்கவும் இல்லை. யூ மரத்துக்கு அடியில் கொண்டுபோய் விட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் மேலே ஏறி மீனும் ஆப்பிளும் போட்டுவிட்டு வந்தேன். போன வாரம் போட்டது போட்டபடி கிடந்தது. தானே தேடித் தின்னக் கற்றுக்கொண்டதா, ஓநாய் கொண்டுபோனதா, தெரியாது. சரிவு முழுக்கத் தேடினேன். எலும்பு எதுவும் இல்லை.

அத்தானின் கை கூடிவிட்டது, கோணலாக. துடுப்பை இடது கையால் பிடிக்கப் பழகுகிறார்.

நீ தின்றதைப் பற்றி எழுத நினைத்தேன். பலகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், எழுந்தேன். அதற்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

முந்தாநாள் கராந்தியுஸின் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். நீ எழுதிய உத்தரவைக் கொண்டுவந்தார்கள். முத்திரை திருடினவனுக்குக் கையை எடுத்துவிடுவார்களாம். எழுதினது நீதான் என்று நிரூபிக்க, நீ வேறு எங்காவது எழுதியது வேண்டுமாம். எழுத்தறையிலும் உன் அறையிலும் நீ எழுதிய மெழுகு ஒன்று விடாமல் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாய். மெழுகை என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். உன் எழுத்துத்தான். அந்த வளைவு, அந்தச் சாய்வு, அப்பா மணலில் போட்டுக் காட்டியது.

"உன் தம்பி எழுத்துதான இது?" என்றான்.

"தெரியாது" என்றேன்.

"அவன் உனக்கு எழுதினத எடு."

"எனக்கு யாரும் எழுதுறதில்ல."

"கூடப் பொறந்தவன், ஒரு கடிதம்கூடவா போடல?"

"எனக்குக் கூடப் பொறந்தவன்னு யாரும் இல்ல" என்றேன்.

அதைச் சொல்ல நான் கஷ்டப்படவில்லை. அந்த மூன்று பேரும் என்னை நம்பினார்கள் என்றால் என் முகத்தைப் பார்த்துத்தான் நம்பியிருப்பார்கள். பெட்டியைக் கவிழ்த்தார்கள், கூரை வைக்கோலைக் கிளறினார்கள், போய்விட்டார்கள். அடுத்த மாதம் திரும்ப வருவார்களாம்.

உன் பலகைகள் பன்றிக் கொட்டிலின் தரைக்கு அடியில் இருக்கின்றன. அடுப்பில் போடத்தான் எடுத்தேன். போடவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதே.

இதைப் படித்ததும் மெழுகை உருக்கிவிடு. வடக்கே போ, ஆறு தாண்டிப் போ, எங்கே என்று சாக்ரோவிடம்கூடச் சொல்லாதே. இனி எழுதாதே. உன் கையெழுத்தில் ஒரு வரி இந்த வீட்டில் அகப்பட்டால் உன் கை போய்விடும். நான் மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. மன்னிக்கவில்லை.

நீ சுகமா என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் எழுதுவாய்.

திவிக்தா